ஆணி அடிக்கக் கூடாது

ரிச்சி தெருவில் மழை விட்டு அரைமணி.
குடைகள் மடங்குமுன்
சார்ஜர்கள் வெளியே தொங்கிவிட்டன.
மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை,
ஓர் ஆள் அகலம்.

கண்ணாடிமேல் இரண்டு டேப்லெட்டை வைத்தார் இம்தியாஸ்.
ஒன்று புதுசு, பதினோராயிரம்,
பிளாஸ்டிக் உரிக்காத முகம்.
மற்றதுக்கு ஆறு வயது, மூலையில் நசுங்கல்,
நாலாயிரத்து ஐந்நூறு.
"ஸ்கிரீன் மட்டும் ராஜா மேடம்" என்றார்
பழையதைத் துடைத்து.

புதுசைத் திறந்தேன்.
எனக்கு முன்னாலேயே குடிவந்திருந்தார்கள்:
ரம்மி, உடனடிக் கடன், ஜோசியம்,
எவனோ ஒருவனின் வானிலை.
அழுத்திப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.
குப்பைத்தொட்டி வரவில்லை.
"அதெல்லாம் எடுக்க முடியாது. அதோடதான் வரும்."

கொளத்தூரில் என் ஹவுஸ் ஓனர்
ஒப்பந்தத்தில் எழுதிய முதல் வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
இரண்டு வருஷமாக என் காலண்டர்
ஃபிரிட்ஜ்மேல் சாய்ந்து நிற்கிறது.
டிசம்பர் நெருங்க மெலிந்து
வழுக்கி விழும்.

"பழையதுல கம்பெனி சாஃப்ட்வேர் நின்னுபோச்சு,"
சால்டரிங் புகைக்குள்ளிருந்து ஜெனிஃபா,
தலை நிமிராமல்.
"நான் வேற ரோம் ஏத்திருக்கேன்."
ரோம் எனக்கு ஊர்.
அவள் சிரிக்கவில்லை. சொன்னாள்:

பூட்லோடர்னா வாசக்கதவு.
சாவி கம்பெனிகிட்ட.
திறந்தா உள்ள இருக்கறது மொத்தமும் அழியும்,
போட்டோ, பாட்டு, எல்லாம்.
காலி வீட்லதான் புது ரோம் குடிபோகும்.
நடுவுல கரண்ட் போச்சுன்னா?
"செங்கல்."

கையில் தூக்கிப் பார்த்தேன்.
செங்கல்லைவிட இலேசு.

"ரூட் பண்ணித் தரவா?"
எங்கள் காலேஜ் நாளில் ரூட் என்றால்
29சி-யின் கடைசி சீட்டிலிருந்து
இறங்கும்வரை முதுகில் ஊரும் பார்வை.
வேண்டாம் என்றேன்,
பழக்க தோஷம்.

குறை என்னென்ன?
கேட்டதும் முகம் மலர்ந்தது அவளுக்கு.
கேமராவில் கொஞ்சம் பச்சை அடிக்கும்.
விரல்ரேகை வேலை செய்யாது.
பேங்க் ஆப் திறக்காது.
யார் எழுதினது இதை?
"யாரோ ஒருத்தர். காசு வாங்கறதில்ல.
ஏப்ரலுக்கப்புறம் அப்டேட் வரல.
கல்யாணம் ஆயிடுச்சோ என்னவோ."

எனக்கு டயாலிசிஸ் வார்டில் வேலை.
ஆறு கட்டில், ஆறு இயந்திரம்.
அவற்றின் பாஸ்வேர்ட் பெங்களூரில் இருக்கிறது.
அங்கே நான் ஆணி அடிக்க நினைத்ததே இல்லை.
ரத்தம் ஓடும் குழாயில்
பூட்டு இருக்கட்டும்.
ஆனால் இரவு ஒன்பதுக்குமேல்
இயந்திரங்களின் பக்கத்தில் உட்கார்ந்து
நான் படிக்கிற பக்கத்துக்கு எதற்கு?

நாலாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும்
ஆரஞ்சு எழுத்தில் ஐந்து நொடி எச்சரிக்கை:
இதிலுள்ள மென்பொருளை நம்ப முடியாது.
பிறகு வெறும் திரை. கடிகாரம். வேறொன்றும் இல்லை.
முதல் இரவு அந்த வெறுமையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் கட்டில் பிரசன்னா,
பகலில் பார்சல் ஓட்டுகிறவன்,
ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான்.
பச்சையாக விழுந்தான்.
"நேர்லயும் இப்படித்தான இருக்கேன் சிஸ்டர்?"
மானிட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறுதோறும் அப்டேட் இருக்கிறதா என்று அழுத்துகிறேன்.
வட்டம் சுற்றுகிறது. இல்லை.
ஊர்பேர் தெரியாத அந்த ஆள்
நன்றாக இருக்கட்டும்.

பேங்க் ஆப் சொன்னபடியே திறக்கவில்லை.
பாஸ்புக்கைத் தேடி எடுத்து
திங்கள் காலை கிளையில் நின்றேன்.
டோக்கன் அறுபத்தொன்று.
ஓடிக்கொண்டிருந்தது பதினெட்டு.
பையிலிருந்து எடுத்து
ஆரஞ்சு எழுத்து மறையக் காத்திருந்தேன்.